யார் அந்த நாலு பேர்?



"நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

இந்தக் கேள்வி நுழையாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? கூரை வீட்டிலும் கேட்கிறது, மாடி வீட்டிலும் கேட்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது கேட்கிறது, பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்போதும் கேட்கிறது. நடை பழகும் குழந்தை தடுக்கி விழுந்து அழுதால், "ச்சீ, அழாதே! எல்லோரும் பார்க்கிறார்கள் பார்!" என்று அங்கேயே பாடம் தொடங்கிவிடுகிறது. காயத்துக்கு மருந்து தேடுமுன்னே கண்ணீரை மறைக்கக் கற்றுக் கொடுத்துவிடுகிறோம்!

யார் அந்த நாலு பேர்? வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஊர்க் கூட்டத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது ஆத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லர். நோட்டுப் புத்தகம் வாங்கப் பத்து ரூபாய் தந்தவர்களும் அல்லர். ஆனாலும் நம் வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டமர்ந்து தீர்ப்புக் கூறும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு உண்டு! கூண்டிலே நிறுத்தப்பட்டிருப்பவன் யார்? பத்தாம் வகுப்புப் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை!

மே மாதம் கெங்கவல்லிக்கு வந்து பாருங்கள். பச்சைமலை அடிவாரம், சுவேத நதிக்கரை, குச்சிக்கிழங்குக் காடும் மக்காச்சோளக் காடும் சூழ்ந்த ஊர். சேகோ ஆலைக்குப் போகிறவர்களும், லாரி ஓட்டுகிறவர்களும், தலைவாசல் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர்களும் வாழும் ஊர். தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று தேநீர்க் கடையில் நடக்கும் உரையாடலைக் கேளுங்கள்.

"என்ன அண்ணே, தம்பி எவ்வளவு மார்க்கு?"

"ஏதோ, முந்நூற்றுப் பத்து."

"அப்படியா? நம்ம மச்சான் மகள் நானூற்று எழுபதாம்!"

அவ்வளவுதான். கேட்டவர் தேநீரைக் குடித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அரை மணி நேரத்தில் கேட்டதையும் மறந்துவிடுகிறார். ஆனால் பதில் சொன்னவர்? அந்த ஒரு வாக்கியத்தை மூட்டையாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார், பிள்ளையின் தலையிலே இறக்குகிறார். "உன்னாலே என் மானமே போச்சு!" என்கிறார். முந்நூற்றுப் பத்து வாங்கித் தேறிய பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், தவறிய பிள்ளையின் நிலை என்ன?

கணக்கைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு 95.03 பேர். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 93.80 பேர். பெருமைதான்! ஏட்டைத் தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று இவ்வளவு பேர் தேறுகிறார்கள் என்றால் நெஞ்சு நிமிரத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு முள் இருக்கிறது. நூற்றுக்கு நாற்பது பேர் தவறிய காலத்தில், தவறியவனுக்குத் தெருவிலே துணை இருந்தது. இன்று தொண்ணூற்றைந்து பேர் தேறும்போது, மிச்சமுள்ள ஐந்து பேர் தனித்து நிற்கிறார்கள். அவர்கள் ஐந்து பேர்தானா? இரு வகுப்புகளையும் சேர்த்தால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் தவறியவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல்! ஒரு பட்டணத்தையே நிரப்பும் கூட்டம். ஆனால் அவர்களில் ஒவ்வொருவனும், "உலகத்திலேயே நான் ஒருவன்தான்" என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறான்.

இந்த மதிப்பெண் மயக்கத்துக்கு நம் சேலம், நாமக்கல் சமவெளி புதிய இடமன்று. நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் எழுந்த விடுதிப் பள்ளிகளைத் தமிழ்நாடே அறியும். கோழிப் பண்ணைக்குப் பெயர்பெற்ற அந்தச் சீமையில், பிள்ளைகளையும் கூண்டில் அடைத்துத் தீனி போட்டு எடை ஏற்றுகிறார்கள் என்று ஊர் சொன்னது. 'பிராய்லர் பள்ளி' என்று பெயரும் வைத்தது. தென்கோடியிலிருந்தும் வடகோடியிலிருந்தும் தகப்பன்மார் கடன் வாங்கிக்கொண்டு வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். விடியுமுன் எழுப்புவது, இரவு நெடுநேரம் உட்கார வைப்பது, பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைப்பது என்று அந்தத் தொழில் நடந்தது.

இந்த நோய் முற்றியதைக் கண்டுதான் 2017-ஆம் ஆண்டில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து 2018-இல் முதன்முறையாக நடத்தியது. 1200 மதிப்பெண் 600 ஆகச் சுருங்கியது. முடிவு நேராகப் பெற்றோரின் கைப்பேசிக்கே வரத் தொடங்கியது. "உன் மதிப்பெண் உனக்கும் உன் வீட்டாருக்கும் மட்டும்" என்பதுதான் அதன் பொருள்.

நாம் என்ன செய்தோம்? அரசு மூடிய கதவை நாம் உடைத்துத் திறந்தோம்! பட்டியல் நின்றது, பிளெக்ஸ் பலகை நிற்கவில்லை. பேருந்து நிலையத்தில், நாற்சந்தியில், பள்ளி வாயிலில் தேறியவர்களின் படங்கள் சிரிக்கின்றன. அந்தப் பலகையில் பத்து முகங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் நூறு பிள்ளைகளுக்கு அது சொல்லும் செய்தி என்ன? "உன் முகம் இங்கே இல்லை" என்பதுதானே? கைப்பேசிக்கு வந்த மதிப்பெண்ணையும் நாம் விட்டுவைத்தோமா? உறவினர் குழுவில் போட்டோம், மச்சான் மகளோடு ஒப்பிட்டோம், பங்காளி மகனோடு நிறுத்துப் பார்த்தோம்.

தோழர்களே, தகப்பன்மாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உழைக்கும் மக்களின் வீட்டிலே மதிப்பெண் என்பது வெறும் பகட்டு அன்று. சேகோ ஆலையில் ஈரத்திலே நின்று கால் வெடித்தவன், "என் மகனாவது காலில் செருப்புப் போட்டு மேசையில் உட்காரட்டும்" என்று நினைக்கிறான். மூன்று மாநிலம் கடந்து லாரி ஓட்டித் தூக்கம் தொலைத்தவன், "என் மகளாவது வீட்டிலே படுத்துத் தூங்கும் உத்தியோகம் பார்க்கட்டும்" என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்திலே பொய்யில்லை. நிலமில்லாதவனுக்குப் படிப்பே நிலம், நகையில்லாதவனுக்குப் படிப்பே நகை. மதிப்பெண் குறைந்தால் அவன் வயிறு கலங்குகிறது. அந்த அச்சம் அவனுக்கு உண்மையானது.

ஆனால் அந்த அச்சத்தை அவன் அச்சமாகச் சொல்வதில்லையே! "மகனே, உன் எதிர்காலத்தை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், பிள்ளை தகப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இனி என்ன செய்யலாம் அப்பா?" என்று கேட்பான். அதை விட்டு, "நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கத்துகிறான். கேட்ட பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறான்? "என் வாழ்வைவிட அந்த நாலு பேரின் பேச்சு என் அப்பாவுக்குப் பெரிது" என்ற முடிவுக்கு வருகிறான். அன்றே அந்த வீட்டில் அவன் அந்நியனாகிறான்.

மேடைகளிலே நாம் அதிகம் முழங்கிய சொல் எது? தன்மானம்! மனிதன் எவன் முன்னும் கூனக் கூடாது, பிறப்பைச் சொல்லியோ தொழிலைச் சொல்லியோ எவனும் அவனைத் தாழ்த்தக் கூடாது என்று எத்தனை ஊர்களில், எத்தனை இரவுகளில் பேசியிருக்கிறோம்! அப்படிக் கைதட்டிக் கேட்ட தோழர், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், கணக்கில் முப்பது வாங்கிய மகனைப் பார்த்து, "தெருவிலே தலைகாட்ட முடியலையே!" என்று கூறினால், அந்தத் தன்மானம் மேடையோடு முடிந்துவிட்டது என்றுதானே பொருள்? ஊரானின் வாய்ச்சொல்லுக்கு நடுங்கும் பிள்ளையை வளர்த்துவிட்டு, அவன் இருபது வயதில் எழுந்து நின்று உரிமை கேட்பான் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? தன்மானம் வாக்குரிமையைப் போல் பதினெட்டு வயதில் வருவதன்று. மூன்று வயதிலே, தாய்மடியிலே, தகப்பன் வாயிலே வருவது.

1944-ஆம் ஆண்டில் கடலூரில் நடந்ததை இயக்கத்தார் அறிவீர்கள். ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார்மீது யாரோ ஒரு செருப்பை எறிந்தார்கள். அவர் கூசிக் குறுகினாரா? வண்டியைத் திருப்பச் சொன்னார். ஒற்றைச் செருப்பால் எறிந்தவனுக்கும் பயனில்லை, தமக்கும் பயனில்லை என்று மற்றொன்றையும் தேடிப் போனார். எறிந்தது எறிந்தவனின் தரத்தைக் காட்டும், ஏற்றவனின் தரத்தைக் காட்டாது என்று அறிந்திருந்தார். அந்த இடத்திலேயே 1972-இல் அவருக்குச் சிலை எழுந்தது. இந்தக் கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். ஒரு முறையாவது நம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பள்ளியில் எவனாவது உன்னைக் கேலி செய்தால் இதை நினைத்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறோமா?

"அவர் தலைவர், பிள்ளைகளுக்கு அந்த உறுதி ஏது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். பிள்ளைக்கு அந்த உறுதி இயல்பாய் வராது. அதனால்தான் இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர் கணித மேதை இராமானுசன். கும்பகோணத்துப் பள்ளியில் படித்த நாளில், கணக்குத் தேர்விலே நண்பனைவிட ஒரு மதிப்பெண் குறைந்துபோனதற்காக அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிய பிள்ளை அவர். உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905-இல், வீட்டில் சொல்லாமல், விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார்! வீட்டார் தேடித் தவித்தார்கள். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் தவறினார்.

எண்ணிப் பாருங்கள். அன்று அவர் திரும்பி வராமலே போயிருந்தால்? திரும்பி வந்தார், வாழ்ந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். 1913-இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். 1918-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. தவறுகிற ஒவ்வொரு பிள்ளையும் இராமானுசன் ஆவான் என்று நான் சொல்லவில்லை. அது பொய், பிள்ளைக்கு இன்னொரு சுமை. நான் சொல்வது இவ்வளவே: அவ்வளவு பெரிய மூளைக்கும் அந்த வயதில் வெட்கத்தைத் தாங்கும் வலு இல்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வலுவைக் கொடுக்க வேண்டியது யார்?

பதின்ம வயதுப் பிள்ளையின் நெஞ்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இலேயே எழுதினார்: அந்த வயதுப் பிள்ளை தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறது. முகத்தில் ஒரு பரு, சட்டையில் ஒரு கிழிசல், ஆங்கிலத்தில் ஒரு தடுமாற்றம் - ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று நினைக்கிறது. நாடகக் கொட்டகையில் விளக்கு முழுவதும் தன்மேல் விழுவதாக எண்ணி நடுங்கும் நடிகனைப் போல!

கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாணவனுக்கு, அவன் அணியக் கூச்சப்படும் படம் போட்ட பனியனை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் உன் பனியனைக் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டால், பாதிப்பேர் என்றான். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால்வாசிப் பேர்! மீதிப்பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவரவர் கவலையில் இருந்தார்கள். ஆக, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நாம் நடுங்கும்போது, பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர்களும் தேநீரைக் குடித்து முடித்ததும் மறந்துபோகிறவர்கள்.

இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் எப்படிச் சொல்வது? "போடா, யார் பார்க்கிறார்கள்? சும்மா இரு!" என்று அதட்டினால் நெஞ்சில் ஏறுமா? நெருப்புச் சுட்டவனிடம் "சுடவில்லை" என்று சொல்வது போலாகும். முதலில் சுட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் தமிழுக்கு இந்த வகையில் ஒரு சிறப்பு இருக்கிறது. மனத்தில் எழுவது மெய்யிலே தோன்றும் என்று கண்டு, அதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாக எண்ணி வைத்திருக்கிறது தொல்காப்பியம். பெருமிதமும் உவகையும் இருக்கும் அதே வரிசையிலே அழுகையும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது, வெகுளியும் இருக்கிறது. பிறர் நம்மை எளியராக எண்ணும்போது நெஞ்சில் எழும் அந்தக் கூச்சத்துக்குக்கூடத் தனிப் பெயர் உண்டு: இளிவரல். 'அழுகை கோழைக்குரியது, அச்சம் பெண்ணுக்குரியது' என்று அந்த இலக்கணம் ஒதுக்கி வைக்கவில்லை. மனிதனுக்கு இவை உண்டு என்று எண்ணிச் சொன்னது. அந்த வழியில் வந்த நாம் ஆண்பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? "பொட்டச்சி மாதிரி அழுகிறாயே!" ஒரே வாக்கியத்தில் மகனுடைய கண்ணீரையும் இழிவுசெய்கிறோம், மகளுடைய பிறப்பையும் இழிவுசெய்கிறோம்!

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வெறும் இலக்கணமன்று, மருந்தும் கூட. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சினமும் அச்சமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் "இது சினம்", "இது அச்சம்" என்று பெயர் சொல்லும்போது, மூளையில் அச்சத்தை எழுப்பும் பகுதியின் கொந்தளிப்பு அடங்குவதைக் கருவியால் கண்டார்கள். ஆகவே பிள்ளை முகம் சிவந்து வந்து நின்றால், "என்ன ஆச்சு? கோபமா, வெட்கமா, பயமா?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். அழட்டும். அழுது முடிந்த பிறகு பேசலாம். மழை பெய்யும்போது யாராவது களை வெட்டுவார்களா?

பாராட்டுவதிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். திட்டுவதுதான் கேடு, புகழ்ந்தால் நலம் என்று நினைக்கிறோம். அதுவும் பாதி உண்மைதான். 1998-இல் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியினரை, "நீ கெட்டிக்காரன்" என்று புகழ்ந்தார்கள், இன்னொரு பகுதியினரை, "நீ நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டினார்கள். பிறகு கடினமான கணக்கைக் கொடுத்துத் தடுமாற விட்டார்கள். கடைசியில், வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்புங்கள் என்றார்கள். கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினார்கள்! உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் எட்டில் ஒருவர்தான். 'கெட்டிக்காரன்' என்பது பிறர் சூட்டிய கிரீடம். அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் பிள்ளை பொய் சொல்கிறது. 'உழைத்தாய்' என்பது அவனுடைய கையிலே இருப்பது. எவனும் பறிக்க முடியாது.

இங்கே ஒரு பெரியவர் எழுந்து கேட்பார்: "நாலு பேருக்குப் பயந்ததால்தானப்பா நாங்கள் ஒழுங்காக வளர்ந்தோம். அந்தப் பயமும் போனால் பிள்ளைகள் தறுதலையாகாதா?"

அவருக்கு விடை வள்ளுவரிடமே இருக்கிறது. நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். எதற்கு நாண வேண்டும்? தகாத செயலுக்கு நாண வேண்டும். அடுத்தவன் பொருளை எடுத்தால், எளியவனை அடித்தால், பெண்ணைக் கேலி செய்தால், சாதி சொல்லித் திட்டினால் நம் பிள்ளை நாணட்டும், நாலு பேர் அறியாவிட்டாலும் நாணட்டும்! ஆனால் மதிப்பெண் குறைந்ததற்கும், நிறம் கறுத்ததற்கும், அப்பா மூட்டை தூக்குவதற்கும், அம்மா நூறு நாள் வேலைக்குப் போனதற்கும் நாணுவதா? இவற்றில் குற்றம் எங்கே இருக்கிறது? குற்றத்துக்குக் கூசுவது ஒழுக்கம். குற்றமில்லாததற்குக் கூச வைப்பது கொடுமை. 'நாலு பேர்' என்ற பூச்சாண்டி இந்த இரண்டுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. இன்னும் சொன்னால், அந்தப் பூச்சாண்டிக்கு மட்டும் அஞ்சி வளர்ந்தவன், யாரும் பார்க்காத இடத்தில் எதையும் செய்யத் துணிகிறான்.

பெண்பிள்ளையின் கதை இதைவிடக் கொடியது. மகன் தவறினால், "அடுத்த முறை எழுதலாம்" என்று சொல்லவாவது ஒருவர் இருப்பார். மகள் தவறினால், "படித்தது போதும், நாலு பேர் பேசுவதற்குள் ஒருவன் கையில் பிடித்துக் கொடு" என்கிறார்கள். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடிப்பது சட்டப்படி குற்றம். குற்றத்துக்கு அஞ்சாதவர்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிறார்கள்! எது பயப்பட வேண்டியது என்பதே தலைகீழாகிவிட்டது.

இனி, சொல்ல நா எழாத ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடு கூறுகிறது. நம் சேலம் மாவட்டத்திலேயே, 2021 செப்டம்பர் 12 அன்று, மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டிய நாளின் காலையில் ஒரு மாணவனை இழந்தோம். மறுநாள் சட்டமன்றமே அதைப் பேசியது. அந்தத் தேர்வு வேண்டுமா என்ற வாதம் தனி, அதை இங்கே எடுக்கவில்லை. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவும் கூடாது, எந்தத் தாய் தகப்பன்மீதும் விரல் நீட்டவும் கூடாது. ஆனால் ஒன்று உறுதி: துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இருக்கும்போது துன்பம் சிறிதாகிறது. பிள்ளை பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், "நான் இருந்து என்ன பயன்?" என்று சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அன்றே கேளுங்கள், தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணை அழைத்தால் ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசுகிறது. சிறுவர்களுக்கு 1098 இருக்கிறது. காசில்லை, பெயர் கெடாது. இந்த எண்களைக் கட்சிக் கிளைப் பலகையில் எழுதி வையுங்கள்.

அடுத்து, தொண்டர்களாகிய உங்களுக்கு ஒரு வேலை. தேர்வு முடிவு வரும் நாளில், அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளையின் வீட்டுக்குப் பொன்னாடையோடு போகிறீர்கள், படமெடுத்துப் போடுகிறீர்கள். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதே நாளில், கேமரா இல்லாமல், தவறிய பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். திண்ணையில் உட்காருங்கள். "மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "துணைத்தேர்வு இருக்கிறது. ஓரிரு மாதத்தில் எழுதலாம், தேறினால் இந்த ஆண்டே மேலே படிக்கலாம்" என்று தகப்பனுக்கும் சொல்லுங்கள். விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள், கட்டணத்துக்கு வழியில்லையென்றால் கிளையிலே சேர்த்துக் கட்டுங்கள். ஊரிலே படித்து வேலையில்லாமல் இருக்கும் தம்பி தங்கைகளைக் கொண்டு, படிப்பகத்தில் மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பிளெக்ஸ் பலகைக்குச் செலவாகும் பணத்தில் இதை ஒரு மாதம் நடத்தலாம்.

தகப்பன்மாருக்கும் ஒரு சொல். குச்சிக்கிழங்கு நட்டவர்களுக்குத் தெரியும், அது மண்ணுக்குள்ளே பருக்கும் பயிர் என்பது. நட்டுவிட்டுப் பத்து மாதம் பொறுக்கிறீர்கள். பக்கத்துக் காட்டுக்காரன் கேட்டான் என்பதற்காக நடுவிலே பிடுங்கிப் பார்க்கிறீர்களா? பிடுங்கினால் கிழங்கும் இல்லை, செடியும் இல்லை. பயிருக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் பாதியைப் பிள்ளைக்குக் காட்டினால் போதும்.

அடுத்த முறை தேநீர்க் கடையில், "பையன் எவ்வளவு மார்க்கு?" என்று எவராவது கேட்டால், தலையைக் குனியாமல், "அது அவனுக்கும் எனக்கும் தெரியும் அண்ணே. நல்லா இருக்கான்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் எப்படியும் பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரும். என் அப்பா எனக்காக ஊர் நடுவிலே நின்றார் என்று அவன் அறிவான். ஆயிரம் அறிவுரை செய்யாததை அந்த ஒரு சொல் செய்யும்.

நாலு பேர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை, தோழர்களே. நாலு பேர் இல்லாமல் மனிதன் வாழவும் முடியாது, செத்தால் தூக்கவும் ஆளிருக்காது. ஆனால் பிள்ளைக்கு வேண்டிய நாலு பேர், தேநீர்க் கடையில் மதிப்பெண் கேட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் அல்லர். பெற்ற தாய், வளர்த்த தகப்பன், பாடம் சொன்ன ஆசிரியர், தோளில் கைபோடும் நண்பன் - இந்த நாலு பேர் போதும். இந்த நாலு பேரில் ஒருவராவது தன் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்த பிள்ளை, நானூறு பேர் சிரித்தாலும் விழுந்துவிடமாட்டான்.

வரும் மே மாதத்தில் உங்கள் பிள்ளைக்கு அந்த ஒருவர் யார்?